கட்டியக்காரன் கேட்கும் கேள்வி

தெருக்கூத்தில் பெரிய வேடங்கள் சட்டென்று சபைக்கு வந்து நின்றுவிடுவதில்லை. முதலில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி தெரியும், கீழே சலங்கை கட்டிய பாதம் தெரியும். நடுவில் இருக்கும் ஆள் தெரியமாட்டார். அந்த மறைவிலிருந்துதான் விருத்தம் எழும். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாட, மிருதங்கமும் முகவீணையும் சேர்ந்துகொள்ளும். கூட்டத்துக்குப் பொறுமை கெடுகிற நேரம் பார்த்துத் திரை விலகும். உடனே கட்டியக்காரன் முன்னால் வந்து கேட்பான்: ஐயா, தாங்கள் யார்? எந்த நாடு? இந்தச் சபைக்கு வந்த காரணம் என்ன?

வந்திருப்பது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் பகலெல்லாம் கழனியில் நின்றவர். எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் கட்டிக்கொண்டு, முகத்தில் அரிதாரம் பூசி வந்திருக்கிறார். அவர் தன் பெயரைச் சொல்வதில்லை. அத்தினாபுரத்து மன்னன் துரியோதனன் என்கிறார். பொய் சொல்கிறார் என்று ஒருவரும் எழுந்து நிற்பதில்லை. அவரும் பொய் சொல்லவில்லை. அந்த இரவில் அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் மலையில், விரூபாட்ச குகையில், 1902இல் மௌனமாக இருந்த ஓர் இளைஞரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை சில கேள்விகள் கேட்டார். பதில்கள் எழுத்தில் வந்தன. பின்னாளில் அவை தொகுக்கப்பட்டு 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. அந்த இளைஞரான ரமணர் விரும்பியதும் கட்டியக்காரனின் கேள்விதான். ஆனால் அவர் அதை வேடத்திடம் கேட்கச் சொல்லவில்லை. உடம்பு நான் இல்லை, மூச்சு நான் இல்லை, மனம் நான் இல்லை என்று ஒவ்வொரு அணியாகக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சமிருப்பது எது என்று பார்க்கச் சொன்னார். கூத்து அணிந்துகொண்டே போகிறது, விசாரம் கழற்றிக்கொண்டே போகிறது. கேள்வி ஒன்றாக இருந்தும் நடை நேரெதிர். தத்துவத்துக்கும் நாடகத்துக்கும் இருக்கும் உறவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எதிர்ப்போக்குத்தான் முதலில் தோன்றுகிறது.

கிரேக்கத்தில் அது வெளிப்படையான சண்டையாகவே முடிந்தது. கி.மு. 423இல் அரிஸ்டோஃபனிஸ் தன் 'மேகங்கள்' நாடகத்தில் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டு ஏதென்ஸ் நகரத்தையே சிரிக்க வைத்தார். கி.மு. 399இல் அதே நகரம் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தது. மாணவர் பிளேட்டோ பிற்பாடு தன் இலட்சிய நாட்டிலிருந்து கவிகளையும் நாடகக்காரர்களையும் வெளியே அனுப்பிவிட்டார். இளமையில் அவரே சோக நாடகங்கள் எழுதியதாகவும், சாக்ரடீஸின் பேச்சைக் கேட்டபின் அவற்றை நெருப்பில் போட்டதாகவும் ஒரு பழங்கதை உண்டு. கதை எப்படியானாலும், நாடகத்தை விரட்டிய அந்த மனிதர் தன் தத்துவம் முழுவதையும் உரையாடலாகவே எழுதினார். ஆள் வருகிறார், அமர்கிறார், கேட்கிறார், கோபித்துக்கொள்கிறார், எழுந்து போகிறார். கூத்தை வாசலில் தடுத்துவிட்டு, கட்டியக்காரனை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

நம் பக்கத்துத் தத்துவவாதிகள் நாடகத்தை விரட்டவில்லை, உவமையாக்கிக்கொண்டார்கள். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகையில் இயற்கை ஒரு நடனக்காரி. புருஷன் பார்ப்பவன். தன்னை முழுவதும் காட்டியபின் அவள் அரங்கை விட்டு விலகிவிடுகிறாள், அவன் விடுதலை அடைகிறான். பதினான்காம் நூற்றாண்டின் வித்தியாரண்யர் இன்னும் நுட்பமாக யோசித்தார். அவரது பஞ்சதசியின் பத்தாம் அத்தியாயத்துக்கே நாடக தீபம் என்று பெயர். கூத்து நடக்கும் கூடத்தில் ஒரு விளக்கு எரிகிறது. கூத்தை நடத்துவிக்கும் பிரபு, பார்க்க வந்தவர்கள், ஆடுகிறவள், எல்லோர் மேலும் அது ஒரே மாதிரி ஒளியை இடுகிறது. பிரபுவுக்குக் கூடுதலாகவும் கடைசி வரிசைக்காரனுக்குக் குறைவாகவும் கொடுப்பதில்லை. எல்லோரும் எழுந்து போனபின்னும் வெறுங்கூடத்தை விளக்கிக்கொண்டு எரிகிறது. பிரபு அகங்காரம், பார்வையாளர்கள் விஷயங்கள், ஆடுகிறவள் புத்தி, வாத்தியக்காரர்கள் புலன்கள், விளக்கு சாட்சி.

இந்த உவமையோடு கண்ணை மூடி அமர்ந்திருப்பது எளிது. கோபம் வருகிறது. கோபம் வந்ததை ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கிறது. அந்த ஒன்றுக்குக் கோபம் இல்லை. கொஞ்ச நேரத்தில் கோபம் போய்விடுகிறது, வெறுமை வருகிறது, அதுவும் அதே வெளிச்சத்தில்தான் தெரிகிறது. இந்தப் பழக்கம் நாளடைவில் தரும் அமைதியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் இந்த உவமைகளில் ஒரு குறை தென்படுகிறது. நடனக்காரி ஆடும்போது சாங்கியம் பார்ப்பவனின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கூத்து நடக்கும்போது வேதாந்தம் விளக்கின் இடத்தில் போய் நின்றுகொள்கிறது. ஆடுகிறவர் பக்கம் யார் நிற்பது? ஒப்பனைக் கொட்டகையில், அரிதாரம் வழியாத அளவுக்கு வியர்வையை ஒற்றிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பவருக்கு இந்தத் தத்துவங்களில் என்ன இடம்?

காஷ்மீரத்து சிவ சூத்திரங்கள் அந்த இடத்தைத் தந்தன. அடுத்தடுத்து வரும் மூன்று சிறு சூத்திரங்களில் ஆன்மாவை நடிகன் என்றும், அந்தராத்மாவை அரங்கம் என்றும், புலன்களைப் பார்வையாளர்கள் என்றும் அவை சொல்கின்றன. வேதாந்தியின் கூடத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த புலன்கள் இங்கே பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கின்றன! பார்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஆள் உண்மையில் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பது பெரிய திருப்பம். விலகி நின்று பார்ப்பது மட்டும்தான் ஞானம் என்ற எண்ணம் அங்கே கலைகிறது.

தமிழ்ச் சைவம் இதையும் தாண்டிப் போனது. அது தெய்வத்தையே கூத்தனாக்கியது. கோயிலின் மையத்தைச் சபை என்றும் அம்பலம் என்றும் அழைத்தது. திருவதிகை மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் அந்தக் கூத்தனின் கையையும் காலையும் ஐந்தொழிலோடு பொருத்திச் சொல்கிறது. உடுக்கை ஏந்திய கை படைக்கிறது, அபயக் கை காக்கிறது, அனல் ஏந்திய கை அழிக்கிறது, தூக்கிய பாதம் அருள்கிறது. ஊன்றிய பாதம் மறைக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்றும் எந்த மதத்துக்கும் புரியும். அருளலும் புரியும். மறைத்தலை ஒரு தெய்வத்தின் வேலையாகவே எண்ணி, அதையும் ஐந்தில் ஒன்றாக வைத்தவர்கள் நாடகம் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் மறைப்பு இல்லாமல் நாடகம் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் அரங்கத்தை அளந்து சொல்கிறது. இருபத்துநான்கு விரல் அளவுள்ள கோலால் எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கிறார்கள். அங்கேயும் விளக்குக்கு முதல் மரியாதைதான். ஆனால் விளக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று விதத் திரைகளையும் தொங்கவிடுகிறார்கள்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒன்று ஒரு பக்கமிருந்து வருவது, ஒன்று இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது, மற்றொன்று இருக்குமிடம் தெரியாமல் மேலிருந்து இறங்குவது. ஒளிக்கு எவ்வளவு கவனம் கொடுத்தார்களோ அதைவிடக் கூடுதலாகவே மறைவுக்கும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் வெளிச்சத்தில் கிடந்தால் காண்பதற்கு எதுவும் இராது என்பது அந்த அரங்கத்தைக் கட்டிய தச்சனுக்குத் தெரிந்திருக்கிறது.

சைவ சித்தாந்திகளும் மறைப்பை அப்படித்தான் பார்த்தார்கள். உயிர் தான் யார் என்பதை ஆரம்பத்திலேயே அறிந்துவிட்டால் உலகத்தில் ஒரு நாள்கூடத் தங்காது. வினையை அனுபவிக்காது, பக்குவப்படாது. ஆகையால் திரோதான சக்தி உண்மையை மறைத்து, உலகத்தை உண்மையாகவே காட்டி, உயிரை அதில் ஆழ்த்துகிறது. மலங்களோடு கூடி நின்று வேலை செய்வதால் அதற்கும் மலம் என்றே ஒரு பெயர் வைத்தார்கள். உயிர் பக்குவப்பட்டதும் அதே சக்தி அருட்சக்தியாகத் திரும்புகிறது. ஆள் மாறுவதில்லை. இதுநாள்வரை மறைத்ததும் இனிக் காட்டப்போவதும் ஒன்றே. இந்த மரபைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான உமாபதி சிவம் சிதம்பரத்துத் தீட்சிதர் குலத்தில் பிறந்தவர். சிதம்பரம் கோயிலில் ஆடும் மூர்த்தத்தின் பக்கத்திலேயே ஒரு திரை தொங்குகிறது. அதை விலக்கினால் சிலை இல்லை, லிங்கம் இல்லை. வெற்றுவெளியில் பொன் வில்வ மாலை மட்டும். வெற்றிடத்துக்கு எதற்குத் திரை என்று யாரும் கேட்கலாம். அந்தத் திரை இல்லாவிட்டால் அது வெறும் சுவராகத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் வைத்து, உலகமே ஒரு நாடகம் என்று சொல்லித் தோளைக் குலுக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. எதுவும் நிஜமில்லை, யார் மனம் நொந்தால் என்ன என்ற அலட்சியம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ரோமாபுரியில் அடிமையாக இருந்து பின் ஆசிரியரான எபிக்டீடஸ், நாடகத்தில் நமக்கு எந்த வேடம் என்பதைத் தீர்மானிப்பது நாம் இல்லை, பிச்சைக்காரனோ முடவனோ அரசனோ எது வந்தாலும் நன்றாக நடிப்பதே நம் வேலை என்று கற்பித்தார். அவர் வாயிலிருந்து வந்ததால் அதை ஏற்கிறோம். அவரை வைத்திருந்த எஜமான் சொல்லியிருந்தால் அதைவிடக் கொடிய பேச்சு வேறு இருக்காது.

இந்த ஆபத்துக்குக் கூத்திலேயே ஒரு மாற்று இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் துகிலுரிதல் கூத்து வரும் இரவு மற்ற இரவுகளைப் போன்றதில்லை. திரௌபதியாக வேடமிடுபவரும் ஆண்தான். ஆனால் அன்று பெண்கள் அவரை அம்மனாகவே பார்க்கிறார்கள். துச்சாதன வேடக்காரர் அவ்வளவு நேரம் துள்ளிக் குதித்து ஆடியவர். சேலையில் கை வைக்கும் கட்டம் வந்ததும் நின்றுவிடுகிறார். கற்பூரம் ஏற்றப்படுகிறது. வேடத்தை விட்டு வெளியே வந்து, தாயே, இது என் தொழில், பிழை பொறுக்க வேண்டும் என்ற பொருளில் கும்பிடுகிறார். அதன் பிறகு மறுபடி வேடத்துக்குள் போய்த்தான் சேலையைப் பற்றுகிறார்.

இந்த ஒரு நிமிடத்தில் எத்தனை நூல்களின் சாரம் இருக்கிறது! தான் துச்சாதனன் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், இழுக்கப்போவது தன் கைதான் என்பதையும் அவர் மறுக்கவில்லை. வெறும் நடிப்பு என்று ஒதுக்கியிருந்தால் மன்னிப்புக்கு அவசியமில்லை. முழுக்க நிஜம் என்று நம்பியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இழுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் அவர் கால் ஊன்றுகிறார். இழுக்காமல் விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். இழுக்காவிட்டால் அவள் இரு கையையும் மேலே தூக்கிக் கண்ணனைக் கூப்பிடும் இடம் வராது. கூப்பிடுவதற்காகத்தானே அத்தனை பேரும் தூக்கம் விழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தத்துவவாதிகள் தாமே நாடகம் எழுத உட்கார்ந்தபோது இந்த நுட்பம் பெரும்பாலும் நழுவிவிட்டது. பதினோராம் நூற்றாண்டில், சந்தேல அரசன் கீர்த்திவர்மன் காலத்தில், கிருஷ்ணமிஸ்ரர் பிரபோத சந்திரோதயம் எழுதினார். விவேகமும் மோகமும் அரசர்களாக வந்து போரிடும் அத்வைத நாடகம். நம் வேதாந்த தேசிகர் அதற்கு விசிஷ்டாத்வைதத்தின் பதிலாகப் பத்து அங்கங்களில் சங்கல்ப சூர்யோதயம் எழுதினார். சந்திரன் உதித்ததற்கு மறுமொழியாகச் சூரியனையே உதிக்க வைத்ததில் தேசிகரின் குறும்பு தெரிகிறது. இரண்டும் பெரிய படிப்பாளிகளின் படைப்புகள், வாதங்களைப் படிக்கப் படிக்கச் சுவை. ஆனால் விவேகன் ஜெயிப்பான் என்பது முதல் அங்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, காமனுக்காகவும் குரோதனுக்காகவும் யாரும் அழப்போவதில்லை. திரைக்குப் பின்னால் நிற்பது யார் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தால் கட்டியக்காரனுக்கு வேலை ஏது?

கர்ணன் கதையில் கட்டியக்காரனுக்கு வேலை இருக்கிறது. யார் நீ என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தது கர்ணனைத்தான். ஆயுதப் பயிற்சிக் களத்தில் குலம் கேட்டார்கள், அவன் தலை குனிந்தான். கூத்தில் அவன் மனைவி பொன்னுருவியும் பிறப்பைச் சொல்லி அவனை இகழ்கிறாள். தேரோட்டி மகன் என்பது அவன் மேல் போர்த்திய திரை. அந்தத் திரை இளமையிலேயே விலகியிருந்தால் பாண்டவருக்கு மூத்தவனாகச் சிங்காசனத்தில் அமர்ந்திருப்பான். துரியோதனனுக்கு அப்படி ஒரு நண்பன் கிடைத்திருக்கமாட்டான். கொடை ஒன்றையே தன் பெயராக்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் அவனுக்கு வந்திருக்காது. மறைத்தலும் ஐந்தொழிலில் ஒன்று என்பதை நூலில் படித்துப் புரியாதவனுக்கு, கர்ணன் கதையைச் சொல்லிப் பார்க்கலாம்.

போருக்கு முன் குந்தி வந்து திரையை விலக்குகிறாள். நீ என் மகன் என்கிறாள். வில்லிபுத்தூரார் பாரதத்திலும் அதைத் தழுவி வரும் கூத்துகளிலும் இந்த இடம் நெஞ்சை அழுத்தும். இப்போது அவனுக்குத் தான் யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு ஞான நூலாக இருந்தால் கதை இங்கே முடிய வேண்டும். தன்னை அறிந்தவன் வேடத்தைக் களைந்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கர்ணன் போகவில்லை. இன்னார் மகன் என்று தெரிந்தபின்னும் துரியோதனன் பக்கத்திலேயே நிற்கிறான். போர் முடியும்வரை இந்த ரகசியத்தை வெளியில் சொல்லாதே, நான் விழுந்தபின் எல்லோரும் பார்க்க என்னை மடியில் எடுத்து மகனே என்று அழு என்று மட்டும் தாயிடம் கேட்டுக்கொள்கிறான். தெரியாமல் ஆடியபோது இருந்த கர்ணனைவிடத் தெரிந்து ஆடிய கர்ணன் பெரியவன். கூடத்து விளக்கைப் போலச் சாட்சியாக விலகி நிற்பது ஒரு விடுதலை என்றால், அறிந்தும் வேடத்தை முடித்துக்கொடுத்துவிட்டுப் போவதும் ஒரு விடுதலைதான். எனக்கு இரண்டாவதில்தான் மனம் போகிறது.

வட தமிழ்நாட்டில், முக்கியமாகக் காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கங்களில், வீட்டில் பெரியவர் இறந்தால் காரிய நாளை ஒட்டிய இரவில் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. இறந்தவரின் ஆன்மா நற்கதி அடைய வேண்டும் என்பதற்காக. பதினெட்டு நாள் போர்க் கதையில் அத்தனை பேர் மாய்ந்தும், இந்தக் காரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் கர்ணன்தான். கடைசிக் கட்டத்தில் கண்ணன் முதிய அந்தணனாக வந்து, கர்ணன் செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்கிறான். அவனும் தன் குருதியைத் தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறான். கொடுக்கக் கொடுக்க அவனிடம் கடைசியாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

பிறர் துயரத்தை அரங்கில் பார்க்கும்போது, அது என்னுடையது என்றோ என்னுடையது இல்லை என்றோ தோன்றாத ஒரு நிலை வருகிறது, அங்கேதான் சுவை பிறக்கிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் அபிநவகுப்தர் விளக்கினார். ரசிகனின் மனத்தைப் பற்றி அவர் சொன்னது அது. காரிய வீட்டில் கூத்துப் பார்ப்பவர்கள் ரசிகர்களாக வந்தவர்கள் இல்லை. சில நாட்களுக்கு முன்புதான் பாடை அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. குந்தி வேடக்காரர் கர்ணனை மடியில் கிடத்தி ஒப்பாரி எடுத்ததும் வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். அந்த அழுகையில் கர்ணனுக்கு எவ்வளவு, தங்கள் வீட்டில் போனவருக்கு எவ்வளவு என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. பாட்டை நிறுத்திவிட்டு அவர்கள் அழுது முடிக்கும்வரை ஹார்மோனியக்காரர் சுதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு கூத்து தொடரும், விடிவதற்குள் மோட்சம் கொடுத்தாக வேண்டும்.